பின்சீட்டுக்கு அடியில் கிடைத்த தாள்

நீங்கள் பொய் எழுதினீர்கள். "ஆலைத் தாள் எதுவும் கிடைக்கவில்லை" என்று அறிக்கையில் எழுதிய அன்று அந்தத் தாள் உங்கள் மேசையில் இருந்தது. காரின் பின்சீட்டைக் கழற்றி அதை எடுத்ததே நீங்கள்தான். அந்த ஒரு வரியால் என் கணவர் கள்ளன் ஆனார். இன்றும் கள்ளனாகத்தான் இருக்கிறார்.

உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. லண்டனில் எந்தத் தமிழ்க் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் இருக்கிற உங்களை எல்லோரும் எஞ்சினியர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். என் கணவரை இவர் என்று எழுதுகிறேன். வீட்டிலும் அப்படித்தான்.

வாசிக்கிறவர்களுக்கு முதலில் இருந்து சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் இருந்து அகதிகளாக வந்தோம். வால்தம்ஸ்டோவில் ஒரு அறை. ரயில் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே ஒரு வேர்க்சொப் இருந்தது. அமெரிக்காவில் அறுபதுகளின் கடைசியில் செய்த பெரிய கார்களைக் கப்பலில் இறக்கித் திருத்துகிற இடம். மசில் கார் என்பார்கள். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். முடுக்கினால் பாலத்தின் செங்கல் அதிரும். இவருக்கு அங்கே எஞ்சின் கடைகிற வேலை கிடைத்தது. முதலாளி வெள்ளைக்காரர். நல்லவரா கெட்டவரா என்று என்னால் சொல்ல முடியாது. சம்பளத்தை வெள்ளிக்கிழமை தந்தார், அவ்வளவுதான்.

நான் கூட்டித் துடைக்கப் போனேன். பிறகு கடிதங்களை அடுக்கச் சொன்னார்கள். அதன்பிறகு நம்பர் வாசிக்கிற வேலை என்னிடம் வந்தது. எனக்குக் கணக்கு வரும். ஊரில் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்காமல் போனவள் நான். அந்தக் கோபத்தை இங்கே எழுதினால் இந்தக் கதை முடியாது.

நம்பர் வாசிப்பது என்றால் இதுதான். இந்தக் கார்களின் மதிப்பு எஞ்சினில் இருக்கிறது. ஒரே உடம்பை ஆலை சின்ன எஞ்சினோடும் விற்றது, பெரிய எஞ்சினோடும் விற்றது. பெரிய எஞ்சினோடு வெளியே வந்தவை கொஞ்சம். அதனால் சின்ன எஞ்சின் காரை வாங்கி, எங்கேயோ கிடந்த பெரிய எஞ்சினை அதில் இறக்கி, "பிறந்த நாளில் இருந்தே இப்படித்தான்" என்று விற்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்க மூன்று தேதி போதும். எஞ்சின் புளொக்கை வார்த்தபோது அதன் பின்புறத்தில் வார்ப்பிலேயே விழுந்த தேதி ஒன்று. எஞ்சினைப் பூட்டி முடித்த தேதி முன்பக்கத்தில் ஒரு சின்ன மேடையில் அடித்திருக்கும். அதன் பக்கத்தில் எஞ்சின் வகைக்கு இரண்டு எழுத்து, காரின் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள். கார் கட்டப்பட்ட தேதி கதவுப் பக்கத்துத் தகட்டில். வார்த்த பிறகுதான் பூட்டலாம். பூட்டிய பிறகுதான் காருக்குள் இறக்கலாம். மார்ச்சில் கட்டிய காருக்குள் மே மாதம் வார்த்த எஞ்சின் இருந்தால் யாரோ புளுகுகிறார்கள்.

விசாக் கந்தோரில் எங்களையும் அப்படித்தான் விசாரித்தார்கள். எப்போது வீடு எரிந்தது, எப்போது கொழும்புக்கு வந்தீர்கள், எப்போது விமானம். ஒரு தேதி மற்றதை இடித்தால் ஆளே பொய். அதனால் இந்த வேலை எனக்குப் பழக நாளாகவில்லை. ஒரு கொப்பி போட்டு எழுத்து எழுத்தாய்ச் சேர்த்தேன். எந்த எழுத்து எந்த மாதம், எது எந்த ஆலை, எது எந்த எஞ்சின் என்று. முதலாளி தன்னுடைய புத்தகத்தைத் திறப்பதை விட்டுவிட்டு என்னைக் கூப்பிடத் தொடங்கினார்.

இன்னொரு விசயம் உண்டு. கார் கட்டும்போது, எந்த எஞ்சின், எந்த நிறம், எந்த அச்சு என்று ஆலையில் ஒரு தாள் அடித்து வேலையாட்களுக்குக் கொடுப்பார்கள். பில்ட் ஷீட். வேலை முடிந்ததும் அதைப் பின்சீட்டுக் கம்பிச் சுருளுக்குள் செருகிவிடுவார்கள், அல்லது பெட்ரோல் தாங்கிக்கு மேலே விட்டுவிடுவார்கள். குப்பையாகத்தான் விட்டார்கள். இருபது வருசம் கழித்து அது கிடைத்தால் அதற்கு மேல் சாட்சி இல்லை. பத்துக் காரில் பார்த்தால் ஒன்றிலோ இரண்டிலோ கிடைக்கும். மற்றவை எலி கடித்தோ ஈரத்தில் ஊறியோ போயிருக்கும்.

இனி இவர் செய்த பிழையைச் சொல்கிறேன். மறைக்கவில்லை.

ஒரு பச்சைக் கார் வந்தது. உரிமையாளர் பஸ் ஓட்டுகிற ஒரு வெள்ளைக்காரர். பெரிய எஞ்சின். தண்ணீர் எண்ணெய்க்குள் போய்க்கொண்டிருந்தது. புளொக்கின் மேல்முகம் வளைந்திருந்தது. அதை மெசினில் ஏற்றி மட்டமாகச் சீவ வேண்டும். அந்த வகை எஞ்சினில் நம்பர் அடித்த மேடையும் அதே மட்டத்தில்தான் இருக்கிறது. சீவினால் நம்பரும் போகும். கவனமாகச் செய்கிறவர்கள் அந்த மூலையை விட்டுச் சீவுவார்கள், அல்லது முதலில் படம் எடுத்து உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். இவருக்கு அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவர் நம்பரை ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு முழு முகத்தையும் சீவினார். பிறகு இரும்பில் எழுத்துப் பதிக்கிற நம்பர் பஞ்ச் எடுத்து, அதே எழுத்து, அதே இலக்கம், ஒன்று விடாமல் திருப்பி அடித்தார்.

அடுத்த நாள் காலை நான் பார்த்தேன். அளவுகோல் வைத்தது போல் நேராக ஒரு வரிசை. ஆலையில் அடித்தது ஒருநாளும் அவ்வளவு நேராக இராது.

"இஞ்சாருங்கோ, இதென்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"சீவினதிலை நம்பர் போயிட்டுது. திருப்பி அடிச்சனான்."

"உங்களுக்கு விசரே? உதைப் பாத்தா கள்ள நம்பர் எண்டெல்லோ சொல்லுவாங்கள்."

"அதே நம்பர்தானே அடிச்சனான். வேறை நம்பர் அடிச்சால்தான் களவு. நம்பர் இல்லாமல் விட்டாலும் களவு. ஊரிலை பொலிஸ்காரனே தன்ரை காரைக் கொண்டு வந்து, அழிஞ்சு போச்சு, வடிவா அடிச்சுத் தா எண்டு நிண்டவன்."

இவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் புதுக் கார் இறக்குமதி இல்லாத காலம் நீண்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கார்களை மூன்று தலைமுறை ஓட்டினார்கள். எஞ்சினை எத்தனை தரம் கடைந்தார்களோ அத்தனை தரம் நம்பரும் தேய்ந்தது. நம்பர் வாசிக்க முடியாத கார் சோதனையில் பிடிபடும். அதனால் கடைந்து முடித்ததும் பழைய நம்பரைத் திருப்பி அடித்துக் கொடுப்பது மெக்கானிக்கின் கடமை. அடிக்காமல் விட்டவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நேர்மையானவன் செய்கிற வேலையாகத்தான் இவர் அதைப் படித்திருந்தார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரே ஒரு அடி, இரண்டாம் அடி கிடையாது என்று பெருமை வேறு.

என் பிழையும் உண்டு. வேலை அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். "முகம் சீவியது, நம்பர் திருப்பி அடித்தது" என்று. எழுதவில்லை. முதலாளி கத்துவார், இவரை நிறுத்துவார் என்று பயந்தேன். கறுப்புப் பெயிண்டை மெல்லமாக மேலே பூசிவிட்டேன். பூசியது நான். பதினொரு வருசமாக அதை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து பஸ்காரர் காரை விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர் சங்கத்தின் அறிக்கை கேட்டார். சோதிப்பதற்காகக் கார் மறுபடி எங்கள் வேர்க்சொப்புக்கு வந்தது. அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் பதிவேடு பார்க்கிறவர் நீங்கள். அறுபதுகளில் படிக்க வந்து இங்கேயே நின்றுவிட்ட, இங்கிலீசுக்காரன் போலவே இங்கிலீசு பேசுகிற எங்கள் ஆள். நீங்கள் வேர்க்சொப்புக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்கோட்டு, எஞ்சினின் பின்புறம் பார்க்க ஒரு சின்ன முகக்கண்ணாடி, பூதக்கண்ணாடி. பெயிண்டைத் துணியால் துடைத்தீர்கள். ஆலை மெசின் அந்த மேடையில் மெல்லிய கோடுகள் விட்டிருக்கும். சீவிய முகத்தில் அவை இல்லை. உங்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் தமிழில் கேட்டீர்கள்.

"தம்பி, உதை ஆர் அடிச்சது?"

"நான்தான் ஐயா."

"வடிவா அடிச்சிருக்கிறீர்."

"பழகின கை ஐயா," என்று இவர் சிரித்தார்.

இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உடனே குறுக்கே போய்ச் சொன்னேன்.

"ஐயா, முகம் சீவேக்கை போன நம்பர். அதையேதான் திருப்பி அடிச்சவர். பின்னாலை வார்ப்புத் தேதியைப் பாருங்கோ, சரியா வருது. கார் கட்டினதுக்கு மூண்டு கிழமைக்கு முந்தி வார்த்தது."

"தேதி பொருந்துற புளொக்கைத் தேடி வாங்கலாம் பிள்ளை. ஆலைப் பேப்பர் இருந்தால் சொல்லும்."

"பின்சீட்டைக் கழட்டிப் பாத்தீங்களே?"

"பாக்கத்தானே போறன்."

காரை உங்கள் வீட்டுக் கராஜுக்குக் கொண்டு போனீர்கள். பத்து நாள் வைத்திருந்தீர்கள். பிறகு அறிக்கை வந்தது. இரண்டு பக்கம். எஞ்சின் நம்பர் கள்ளமாக அடிக்கப்பட்டது. அடித்த வேலையாள் ஒப்புக்கொண்டார். இருக்கைகளும் பெட்ரோல் தாங்கியின் மேற்புறமும் பார்க்கப்பட்டன, ஆலைத் தாள் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் கார் சின்ன எஞ்சினோடு பிறந்தது என்றே கொள்ள வேண்டும். கீழே உங்கள் கையெழுத்து.

ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்தீர்கள். இவர் எதை ஒப்புக்கொண்டார்? திருப்பி அடித்ததை. எந்த நம்பரைத் திருப்பி அடித்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை.

பஸ்காரர் பொலிசுக்குப் போனார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் வாசித்ததை நம்பினார். இரண்டு பொலிஸ்காரர் வேர்க்சொப்புக்கு வந்து இவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். நம்பர் பஞ்ச் பெட்டியையும் கொண்டு போனார்கள். ஊரில் இருந்து துணியில் சுற்றிக்கொண்டு வந்த பெட்டி. திரும்பி வரவேயில்லை. ஆறு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். வழக்குப் போடவில்லை. ஆனால் முதலாளி அந்த வெள்ளிக்கிழமையோடு இவரை நிறுத்தினார். என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

எங்களுக்கு அப்போது வருசா வருசம் புதுப்பிக்கிற விசா. அந்த வருசம் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. பொலிஸ் விசாரணை நிலுவையில் இருக்கிறதா என்று ஒரு கடிதம். இல்லை என்று எழுதினோம். அதற்கு ஆதாரம் கேட்டு இன்னொரு கடிதம். இப்படி நாலு வருசம். இவரின் தாய் தங்கையோடு ரொறொன்ரோவில் இருந்தவ. அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தா. இவரால் போக ஏலவில்லை. போனால் திரும்பி வர ஏலாது. தாய் இறந்தபோது செத்த வீட்டுச் சடங்கைத் தொலைபேசியில் கேட்டார். தேவாரம் பாடுகிற சத்தம் வந்தது, பிறகு லைன் அறுந்தது. அட்டையில் காசு முடிந்துவிட்டது.

ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தோம். குவீன்ஸ் றோட்டில் ரயில் ஏறினால் அப்பர் ஹொலவே, அங்கிருந்து நடை. ஒரு வெள்ளிக்கிழமை செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஒருவன் எல்லோருக்கும் கேட்க இவரிடம் கேட்டான்.

"அண்ணை, என்ரை விசாவிலையும் ஒரு நம்பர் அடிச்சு விடுங்கோவன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழற்றிய செருப்பை மறுபடி காலில் போட்டார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. கடைசல் வேலைக்குக் கேட்ட இடமெல்லாம் பழைய முதலாளிக்கு ஒரு போன் போட்டுவிட்டு இல்லை என்றார்கள். பெட்ரோல் நிலையத்தில் கொஞ்சக் காலம், இப்போது சாமான் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். வீட்டில் கதவுப் பூட்டுக்கு எண்ணெய் விடக்கூட நான்தான்.

நான் சங்கத்தின் பத்திரிகையை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் கோபம்தான். உங்கள் பெயர் எங்கே வருகிறது என்று பார்க்கவே வாங்கினேன். அப்படித்தான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு இதழில் உங்கள் கட்டுரையைப் பார்த்தேன். பில்ட் ஷீட்டை எப்படி வாசிப்பது என்று பாடம் எடுத்திருந்தீர்கள். நல்ல கட்டுரை. பொய் சொல்லத் தேவையில்லை, என் கொப்பியில் இல்லாத இரண்டு குறியீடுகளை அதில்தான் படித்தேன். விளக்கத்துக்கு ஒரு தாளின் படம் முழுப் பக்கத்தில் போட்டு, "பின்சீட்டுக்கு அடியில் கிடைத்த தாள்" என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

வழக்கப்படி காரின் வரிசை எண்ணை ஒரு பட்டி ஒட்டி மறைத்திருந்தீர்கள். ஆனால் அந்த ஆலையின் தாளில் எண் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே பெரிதாக, கீழே மூலையில் சின்னதாக. மேலே இருப்பதை மட்டும் மறைத்திருந்தீர்கள். கீழே இருந்ததை நான் வாசித்தேன். உங்கள் அறிக்கையில் இருந்த அதே காரின் எண். பிறகு நிறத்தை வாசித்தேன். பச்சை. எஞ்சின் வகைக்கான இரண்டு எழுத்தை வாசித்தேன். இவர் துண்டில் எழுதி வைத்து, சீவி, திருப்பி அடித்த அதே இரண்டு எழுத்து. கார் பெரிய எஞ்சினோடுதான் பிறந்திருக்கிறது.

வலது மூலையில் பென்சிலால் ஒரு தேதி இருந்தது. கண்டெடுத்த எந்தத் தாளிலும் எடுத்த தேதியை மூலையில் பென்சிலால் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சாட்சி ஆகாது என்று கட்டுரையில் நீங்களே சட்டம் சொல்லியிருந்தீர்கள். உங்கள் சட்டப்படி நீங்கள் குறித்த தேதி, அறிக்கையின் தேதிக்கு ஆறு நாள் முன்பு.

அறிக்கையின் பிரதி என்னிடம் இருக்கிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன். இவர் நின்றபடியே பார்த்தார்.

"அப்ப நான் அடிச்சது சரியான நம்பர்தானே," என்றார்.

"ஓம்."

"அது எனக்கு முந்தியே தெரியும்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் உங்களைத் தேடி வந்தேன். கோயில் மண்டபத்தில் நீங்கள் பொன்னாடை வாங்கிக்கொண்டு இறங்கிய நேரம். பத்திரிகையை விரித்துக் காட்டினேன். நீங்கள் கண்ணாடியைப் போடவில்லை. போடத் தேவை இருக்கவில்லை.

"பிள்ளை, பழசைக் கிண்டி என்ன காணப்போறீர்?"

"தாள் உங்களிட்டை இருந்ததோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

"உம்மடை மனிசன் நம்பர் அடிச்சது உண்மைதானே?"

"உண்மை. அவரே உங்களுக்குச் சொன்னவர். நான் கேட்டது தாளை."

நீங்கள் சுற்றிப் பார்த்தீர்கள். குரலை இறக்கினீர்கள்.

"அந்தச் சங்கத்திலை நான் ஒருத்தன்தான் கறுத்தவன். உமக்கு அது விளங்காது. அடிச்சவனும் தமிழன், தாளைக் கண்டுபிடிச்சுக் காப்பாத்தினவனும் தமிழன் எண்டால் அவங்கள் என்ன சொல்லுவாங்கள்? தாளையும் நாங்கள்தான் அடிச்சதெண்டு சொல்லுவாங்கள். இருபது வருசம் கஷ்டப்பட்டு எடுத்த பேர்."

"அதுக்கு இவரைக் குடுத்தியளோ?"

"உங்களுக்கு வழக்கொண்டும் வரேல்லைத்தானே," என்றீர்கள். யாரோ உங்களைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டீர்கள்.

உங்கள் பயம் பொய்யான பயம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டுமே. உங்களுக்கு வீடு இருந்தது, குடியுரிமை இருந்தது, பொறியியல் பட்டம் இருந்தது. இவருக்கு இருந்தது ஒரு பஞ்ச் பெட்டியும், நேர்மையான கை என்கிற பேரும்தான். உங்கள் பேரில் கீறல் விழாமல் இருக்க இவரின் பேரைக் கொடுத்தீர்கள்.

அதன்பிறகு சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதிவேட்டுப் பொறுப்பாளருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மூன்று தரமும் ஒரே பதில். பொறுப்பாளர் நீங்கள்.

நான் இதை எழுதுவது இவருக்குப் பிடிக்கவில்லை. "விடும், அந்தாளுக்கும் வயசு போயிட்டுது" என்கிறார். விடமாட்டேன். எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை சொல்லியிருக்கிறது, உன் அப்பா கள்ள நம்பர் அடிக்கிறவராம் என்று. அவள் பிறக்குமுன்னம் நடந்த விசயம். அவளுக்கு எட்டு வயது.

காசு கேட்கவில்லை. என் காதுக்குள் வந்து சொல்லும் மன்னிப்பும் வேண்டாம். அந்தப் படத்தைப் போட்ட அதே பத்திரிகையில் ஒருமுறை, இந்தக் கட்டுரை வருகிற இதே தமிழ்ப் பத்திரிகையில் ஒருமுறை, உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள், எஞ்சினியர் ஐயா. அந்தத் தாளை எந்த நாளில் எடுத்தீர்கள்? கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று ஏன் எழுதினீர்கள்? இவர் அடித்த நம்பர் ஆலை கொடுத்த நம்பர்தானா, இல்லையா? எல்லோரும் வாசிக்கும்படி சொல்லுங்கள்.